புதுப்பிப்பு: டிரக் ஓட்டுநரின் சாப்பாட்டுச் செலவுக்கான வரிக்கழிவு, கணக்கு முடிந்தது

அமெரிக்காவில் சொந்த டிரக்கை ஒப்பந்தத்தில் ஓட்டும் நான், 2025 வரிக்கணக்கில் சாப்பாட்டுச் செலவைக் கழிக்க எல்லா ரசீதும் வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம். ரசீதுக்குப் பதிலாக வரித்துறை நிர்ணயித்த தினசரித் தொகையைக் காட்டலாம்: என் வழித்தடங்களில் வெளியே தங்கிய முழு நாளுக்கு 80 டாலர். கிளம்பும், திரும்பும் நாட்களுக்கு முக்கால் பங்கு, அதாவது 60.

சமையலறை மேசையில் லாக்புக்கைத் திறந்து வைத்து, நானும் மனைவியும் ஒவ்வொரு நாளாக எண்ணினோம். முழு நாள் 210, கிளம்பியதும் திரும்பியதும் 40. ராத்திரி வீட்டுக்கே வந்துவிட்ட ஒன்பது நாட்களை அடித்துவிட்டோம், அவை சேராது. மொத்தம் 19,200 டாலர். அதில் 80 சதவீதம், 15,360, ஷெட்யூல் சி-யில் (சொந்தத் தொழில் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவம்) கழிந்தது. மற்றத் தொழில்களுக்குப் பெரும்பாலும் 50 சதவீதம்தான்.

அப்புறம், மோட்டல் வாடகைக்கு இந்த வழி இல்லை. அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். சம்பளத்துக்கு ஓட்டும் நண்பர்களுக்கு 2018 முதல் இந்தக் கழிவே கிடையாது. அதுதான் எனக்கு வருத்தம்.