கடுவன் பூனைக்கு மூத்திர அடைப்பு: பொட்டாசியம் பார்க்க வழியில்லாத கிளினிக்கில் எதை முதலில் செய்வது?

ஜீவன்பீமாநகர் வெட் (கேள்வி)

பெங்களூரில் ஒரு டாக்டர், ஒரு அசிஸ்டன்ட் மட்டும் உள்ள கிளினிக். ஈசிஜி வரும் மானிட்டர், குளுக்கோமீட்டர், எக்ஸ்ரே இருக்கிறது. ரத்தம் வெளி லேபுக்குப் போக வேண்டும், இரவில் ரிசல்ட் வராது. அபார்ட்மென்டிலேயே வளர்ந்து, உலர் தீனி மட்டும் தின்னும் கடுவன்கள் பெரும்பாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வருகின்றன. இரண்டு நாளாக மூத்திரம் இல்லை, வாந்தி, துவண்டு கிடக்கும், மூத்திரப்பை எலுமிச்சம்பழம் போல் கல்லாக இருக்கும்.

பொட்டாசியம் தெரியாமல் மயக்கம் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் இங்கிருந்து ஹெப்பால் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் டிராஃபிக்கிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அனுப்புவதா, கதீட்டர் (மூத்திரம் வடிக்கும் குழாய்) போடுவதா? முதலில் எதைச் செய்வது?

சிவாஜிநகர் எமர்ஜென்ஸி

டாக்டர், இந்த நிலையில் பூனையைக் கொல்வது அடைப்பு இல்லை, இதயம். மூத்திரம் போகாமல் ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் அதை நிறுத்திவிடும். மூத்திரக்குழாய் இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கும்.

மெஷின் இல்லாவிட்டாலும் தெர்மாமீட்டரும் ஸ்டெதஸ்கோப்பும் போதும். கிளினிக்குக்கு வந்து பயந்த பூனைக்கு இதயம் 180, 200 என்று ஓட வேண்டும். அது 120-க்குக் கீழே, உடம்பு 96.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால், பொட்டாசியம் 8-ஐத் தாண்டிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிஜியின் லீட் 2-இல் பி அலை காணாமல் போவது, டி அலை கூராக எழும்புவது, க்யூஆர்எஸ் அகலமாவது எல்லாம் அதையே சொல்லும்.

ஐ.வி. லைன் போட்டதும் 10% கால்சியம் குளுக்கோனேட், கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.லி. அதாவது 4 கிலோ பூனைக்கு 2 முதல் 4 மி.லி., பத்து நிமிடத்தில் மெதுவாக, கண் மானிட்டரில் இருக்கட்டும். துடிப்பு இன்னும் குறைந்தால் நிறுத்துங்கள். மாட்டுக்கு ஏற்றும் மக்னீசியம் கலந்த கால்சியம் பாட்டிலை இதற்குத் தொடவே வேண்டாம். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, 20 முதல் 30 நிமிடம் இதயத்தைக் காக்கும், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்குள் பொட்டாசியத்தை இறக்க இன்சுலின். ரெகுலர் மட்டும், கிலோவுக்கு 0.5 யூனிட் ஐ.வி.; 30/70 கலவை கூடவே கூடாது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். 4 கிலோவுக்கு 2 யூனிட், 25% டெக்ஸ்ட்ரோஸ் 16 மி.லி., அதே அளவு சலைன் சேர்த்து நீர்த்துக் கொடுங்கள். பிறகு 500 மி.லி. ஆர்.எல்.-இல் (ரிங்கர் லாக்டேட்) 50% டெக்ஸ்ட்ரோஸ் 25 மி.லி. கலந்து ஓடவிட்டு, 4 முதல் 6 மணி நேரம் மணிக்கொரு முறை குளுக்கோஸ் பாருங்கள். நம்மூரில் தவறு நடப்பது சிரிஞ்சில்தான். வயல் மி.லி.-க்கு 40 யூனிட் என்றால் 40 யூனிட் சிரிஞ்சே வேண்டும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்.

ஆர்.எல்.-இல் பொட்டாசியம் இருக்கிறதே என்று பலர் நார்மல் சலைனுக்குப் போகிறார்கள். லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட்தான் இருக்கிறது, ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறுவது) ஆர்.எல்.-இல்தான் சீக்கிரம் சரியாகும். கிலோவுக்கு 10 மி.லி. 15 நிமிடத்தில் கொடுத்து மறுபடி பாருங்கள். இதயத்தில் காலப் சத்தம் (குதிரை ஓடுவது போன்ற கூடுதல் துடிப்பு) கேட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்து பையை ஊசியால் வடிப்பது. 22 கேஜ் ஊசி, எக்ஸ்டென்ஷன் லைன், த்ரீ-வே (மூன்று வழி வால்வு). ஒரே குத்தில் முடிந்தவரை காலி செய்ய வேண்டும். பாதியில் எடுத்தால்தான் ஒழுகும். உள்ளழுத்தம் இறங்கிவிட்டால் கதீட்டரும் எளிதாகப் போகும். இவ்வளவும் செய்துவிட்டு, என்ன மருந்து எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி அனுப்பினால் டிராஃபிக்கைத் தாங்கும். எதுவுமே செய்யாமல் அனுப்பிய பூனை வழியிலேயே போய்விடும்.

ஃப்ரேசர் டவுன் சர்ஜன்

கதீட்டர் பகுதியை நான் சேர்க்கிறேன். மயக்கத்துக்கு சைலசின் வேண்டாம், ஏற்கெனவே மெதுவாக ஓடும் இதயம். பியூட்டார்ஃபனால் 0.2 முதல் 0.4, மிடாசோலம் 0.2 மி.கி. கிலோவுக்கு, துவண்ட பூனைக்கு இதுவே போதும். துள்ளினால் கீட்டமின் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. (கடும் கட்டுப்பாடுள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்து, ரெஜிஸ்டரில் அன்றே எழுதிவிடுங்கள்). இதைவிட நல்ல வழி வால் அடியில் 2% லிக்னோகெயின், கிலோவுக்கு 0.1 மி.லி., 25 கேஜ் ஊசியில். ஐந்து நிமிடத்தில் வாலும் ஆசனவாயும் தளர்ந்துவிடும்.

முதலில் ஆணுறுப்பின் நுனியை விரலால் உருட்டிப் பாருங்கள், பல சமயம் அடைப்பு அங்கேயே வெளிவந்துவிடும். வராவிட்டால் ஊசி நீக்கிய 24 கேஜ் கேனுலாவை நுனியில் வைத்து, ஜெல் கலந்த சலைனால் பீச்ச வேண்டும். இங்கே பெரும்பாலோர் செய்யும் பிழை, உறுப்பை இழுக்காமலே குழாயைத் தள்ளுவது. உறையிலிருந்து வெளியே எடுத்து, பின்பக்கமாக முதுகெலும்புக்கு இணையாக இழுத்தால்தான் வளைவு நேராகும். கதீட்டர் தானாக வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கை பலம் போட்டால் குழாய் கிழியும், கிழிந்த இடம் பின்னால் சுருங்கும்.

கடினமான பாலிப்ரோப்பிலின் குழாய் அடைப்பு நீக்க மட்டும். உள்ளே விட்டு வைக்க மென்மையான 3.5 ஃப்ரெஞ்ச் (கதீட்டர் தடிமன் அளவு). 5 நம்பர் குழந்தை ஃபீடிங் டியூப் பல கடுவன்களுக்குப் பெருத்தது. புது ஐ.வி. செட்டும் காலி சலைன் பையும் சேர்த்தால் மூடிய வடிகால் தயார். 24 முதல் 48 மணி நேரம் வைக்கலாம், பூனை கடித்து இழுக்காமலிருக்க கழுத்தில் கூம்புக் காலர் கட்டாயம். எக்ஸ்ரேயில் வால் அடி வரை ஃபிலிமில் விழ வேண்டும். நுனிக் கல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஜீவன்பீமாநகர் வெட்

ரொம்ப நன்றி சார். அடைப்பு நீங்கிய பிறகு ஆன்டிபயாட்டிக், மெலோக்சிகாம் (வலி மருந்து), ப்ரசோசின் (மூத்திரக்குழாயைத் தளர்த்த) எல்லாம் பழக்கமாக எழுதிவிடுகிறோமே, சரியா?

சிவாஜிநகர் எமர்ஜென்ஸி

மூன்றுமே யோசித்து எழுத வேண்டியவை. இளம், நடுத்தர வயதுக் கடுவன்களின் மூத்திரத்தில் கிருமி அபூர்வம், கதீட்டர் எடுக்கும்போது கல்ச்சர் அனுப்பி அதன்படி கொடுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) இறங்காமல் மெலோக்சிகாம் கூடாது. ப்ரசோசின் மறு அடைப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, ரத்த அழுத்தத்தையும் இறக்கும்.

மருந்தைவிட முக்கியம் மூத்திர அளவு. அடைப்பு நீங்கியதும் மளமளவென்று கொட்டும். நான்கு மணிக்கொரு முறை அளந்து, வெளியே போன அளவுக்கு ஐ.வி. கொடுக்காவிட்டால் மறுநாள் வற்றிப் போகும், பொட்டாசியமும் அடியில் போய்விடும். அப்போது ரத்தம் லேபுக்குக் கட்டாயம் போகட்டும்.

பூனை வளர்ப்பவரிடம் உத்தேசச் செலவோடு, முதல் வாரத்திலேயே மறுபடி அடைக்கலாம் என்பதையும் முதல் நாளே சொல்லி, அவர் படிக்கிற மொழியில் கையெழுத்து வாங்குங்கள். கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் ஒரு தாள் அச்சடித்து வைத்தால் போதும். போர்வெல் தண்ணியா காரணம் என்று கட்டாயம் கேட்பார்கள். குறைவாகத் தண்ணீர் குடிப்பது, மனஅழுத்தம், எடை, உலர் தீனி என்று விளக்குங்கள். ஈரத் தீனியும், பூனைகளின் எண்ணிக்கையைவிடக் கழிவு மண் தட்டு ஒன்று கூடுதலும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஃபோன் எடுக்கும் அசிஸ்டன்டுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். “கடுவன், தட்டில் உட்கார்ந்து முக்குது, மலச்சிக்கல்னு நினைக்கிறோம்” என்று யார் சொன்னாலும் லாக்டுலோஸ் (மலமிளக்கி) சொல்லக் கூடாது, அப்போதே கொண்டுவரச் சொல்ல வேண்டும்.