ஆடிப்பெருக்கு வாய்ஸ் மெசேஜ்

குழு: நம்ம வீடு, திருமங்கலம்

ஞாயிறு, 14 செப்டம்பர்

அம்மா (காலை 6:40): கவிதா, உங்கப்பா ராத்திரி பூரா தூங்கல. நானும் தூங்கல. ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி திண்ணையில உக்காந்துட்டாரு. எதுத்த வீட்டுல லைட்டப் போட்டுப் பாக்குறாங்க.

அப்பா: தொண்டையில கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான். யாரும் பதற வேண்டாம்.

கவிதா: எத்தனை நாளாப்பா இருமுறீங்க?

அப்பா: ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்.

அம்மா: பத்து நாளா? டாக்டரப் பாத்தே இருபது நாளாச்சு.

கவிதா: அவரு என்ன சொன்னாரும்மா?

அம்மா: அஞ்சு நாளைக்கு மாத்திரையும் ஒரு டானிக்கும் எழுதுனாரு. குறையலேன்னா வாங்கன்னாரு.

அப்பா: குறைஞ்சிருச்சு. அதான் போகல.

அம்மா: குறைஞ்ச லட்சணத்த நேத்து தெருவே கேட்டுச்சு. பழைய சீட்டக் காட்டி அதே டானிக்க இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்திருக்காரு. பரண்ல ஒளிச்சு வச்சிருந்தாரு.

ராணி அத்தை: அண்ணே, தூதுவளை ரசம் வச்சுக் குடிங்க. படுக்கும்போது சித்தரத்தை ஒரு துண்டு வாயில அடக்கிக்கங்க. மதினி, கொல்லையில கொடி இருக்குல்ல?

அம்மா: ரசம் வச்சு வச்சு கொடி மொட்டையாயிருச்சு ராணி.

செந்தில்: அம்மா, வைரஸ் சளி விட்டாலும் இருமல் லேசுல விடாது. மூணு வாரம்கூட இழுக்கும். இங்க கோயமுத்தூர்ல ஆபீஸ்ல பாதிப் பேரு இருமிக்கிட்டுத்தான் இருக்கோம்.

பாண்டி மாமா: மச்சான், மருந்துக்கடையில நம்ம பையன்தான் நிக்கிறான். கொஞ்சம் பவரா ஒரு ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாளைக்கு வாங்கிட்டு வரவா? கேட்டாக் குடுப்பான்.

கவிதா: மாமா, வேண்டாம். இருங்க, நான் குரூப்ப மேல தள்ளிப் பாத்துட்டு வர்றேன்.

கவிதா (7:31): கிடைச்சிருச்சு. எல்லாரும் கேளுங்க.

[அனுப்பப்பட்ட குரல் செய்தி: அப்பா, 3 ஆகஸ்ட், 0:41]

கவிதா: ஆடிப்பெருக்கு அன்னைக்கு அப்பா அனுப்புன வாழ்த்து. 41 செகண்டுல மூணு தடவ இருமுறாரு. "எல்லாரும் நல்லா இரு"ங்கிறதுக்கும் "க்கணும்"ங்கிறதுக்கும் நடுவுலயே ஒண்ணு.

அப்பா: அது சாப்பிடும்போது பொரையேறுனது.

கவிதா: வாழ்த்து சொல்லிக்கிட்டேவா சாப்பிட்டீங்க? இன்னையோட 42 நாளுப்பா. ஆறு வாரம். செந்திலு சொல்ற மூணு வாரம் ரெண்டு தடவ முடிஞ்சு போச்சு.

தேன்மொழி (8:15): இப்பத்தான் ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிச்சு வந்தேன். மாமா, மறைக்காமச் சொல்லுங்க. சளி வருதா, வறட்டு இருமலா? சளியில ரத்தம்? சாயங்காலக் காய்ச்சல்? ராத்திரி வேர்த்துப் பனியன் நனையுதா? மாடிப்படி ஏறுனா இரைக்குதா? எடை?

அப்பா: வறட்டு இருமல்தாம்மா. தொண்டையில பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு. மத்தது எதுவும் இல்ல.

அம்மா: காய்ச்சல் இல்ல. வேர்வையும் இல்ல. சாப்பாடு ஒரு பருக்கை குறையல.

தேன்மொழி: நல்லது. ரத்தமோ மூச்சுத்திணறலோ இருந்தா இப்பவே கெளம்பச் சொல்லியிருப்பேன். ஆனாலும் நாளைக்கே போகணும். செந்தில் மச்சான் சொன்னது தப்பில்ல, சளிக்கு அப்புறம் வர்ற இருமல் எட்டு வாரம்கூட இருக்கும். ஆனா நம்ம நாட்டுல ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனாலே சளி டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். மாமாவுக்கு சுகர் வேற. சுகர் இருந்தா டிபி வர்ற வாய்ப்பு கூடுதல். எங்கப்பாவுக்கும் சொல்றேன், அந்த மருந்துக்கடைப் பக்கமே போகாதீங்க. சில ஆன்டிபயாட்டிக் டிபியையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வச்சிரும். அப்புறம் டெஸ்ட்ல சட்டுனு தெரியாது.

பாண்டி மாமா: சரிம்மா.

ராணி அத்தை: அடியே, அந்தப் பேரையெல்லாம் குரூப்ல எழுதாத. என் மகளப் பொண்ணு கேட்டு வர்ற நேரம். அழிச்சு விடு.

தேன்மொழி: சித்தி, குரூப்ல நாம எட்டுப் பேருதான் இருக்கோம்.

அப்பா (8:40): ராணி சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு. எங்க பெரியப்பா தாம்பரம் சானடோரியத்துல, அந்த டிபி ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப எனக்கு ஏழு வயசு. மாட்டுக்கொட்டத்துக்குப் பக்கத்துல கயித்துக்கட்டில். தனித் தட்டு, தனித் தம்ளர். அதக் கழுவுறதுக்கும் தனியா ஒரு வாளி. நான் ஒரு நாள் அந்தத் தம்ளர்ல தண்ணி குடிச்சுட்டேன்னு அப்பத்தா பின்னிட்டாங்க. பெரியப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. நான் டாக்டர்கிட்ட திரும்பப் போகாததுக்கு வேற காரணம் எதுவும் இல்ல.

அம்மா: இத இத்தன நாளா எங்கிட்டகூடச் சொல்லல.

தேன்மொழி: மாமா, எங்க டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தது இது. 1956ல சென்னை சேத்துப்பட்டுல ஒரு டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. பாதி நோயாளிங்கள சானடோரியத்துல வச்சாங்க, பாதிப் பேர அவங்கவங்க வீட்டுலயே வச்சு மருந்து குடுத்தாங்க. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானாங்க. ஒழுங்கா மருந்து சாப்பிட்டாப் போதும், ஒதுக்கி வைக்க வேண்டியதில்லன்னு 1959லயே தெரிஞ்சு போச்சு. உலகம் பூரா அதுக்கப்புறம்தான் மாத்துனாங்க.

கவிதா: 1959 அப்பா பொறந்த வருஷம்.

அப்பா: ஏழு வருஷம் கழிச்சும் எங்க வீட்டுக்கு அந்தச் சேதி வந்து சேரல.

தேன்மொழி: இப்ப ஆறு மாச மருந்து, கவர்மென்ட்ல இலவசம். சத்தா சாப்பிட மாசம் 1000 ரூபா பேங்க்ல போடுறாங்க. ஆனா மாமாவுக்கு அதுதான்னு நான் சொல்லல. இல்லன்னு உறுதி பண்ணத்தான் போறோம். இன்னொண்ணு. அத்தை, மாமா சாப்பிடுற எல்லா மாத்திரையையும் கட்டில்ல பரப்பி ஒரு போட்டோ அனுப்புங்க.

[படம்: அம்மா]

தேன்மொழி: ரெண்டாவது அட்டை ராமிப்ரில். இது எப்ப இருந்து?

அம்மா: ஜூலையில பிரஷர் கூடியிருந்துச்சுன்னு மாத்திக் குடுத்தாங்க. வேற எடத்துல.

தேன்மொழி: இருமலுக்குப் பாத்த டாக்டர்கிட்ட இதக் காட்டினீங்களா?

அப்பா: அவரு கேக்கல. நானும் சொல்லல.

தேன்மொழி: "ப்ரில்"னு முடியுற பிரஷர் மாத்திரை சில பேருக்கு இப்படித்தான் வறட்டு இருமலக் கொண்டாரும். தொண்டையில பூச்சி ஊர்ற மாதிரின்னுதான் சொல்லுவாங்க. ஆனா நீங்களா நிப்பாட்டிறாதீங்க, பிரஷர் எகிறிரும். நாளைக்கு அட்டையோட ஜிஹெச்சுக்குப் போங்க. பழைய சீட்டு, பரண்ல இருக்குற டானிக், எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கங்க.

அப்பா: புதன்கிழமை போறேன். நாளைக்கு ஆகாது.

அம்மா: நாளைக்குத்தான். பாண்டி வண்டி எடுத்துட்டு வர்றான்.

திங்கள், 15 செப்டம்பர்

பாண்டி மாமா (காலை 10:50): எக்ஸ்ரே ஆச்சு. சளிக்கு மூடி போட்ட டப்பா குடுத்திருக்காங்க. ஆறு வாரமா ஊரக் கூட்டுன மனுசனுக்கு டப்பாவக் கையில குடுத்ததும் இருமலே வரல. அரை மணி நேரமா மரத்தடியில நிக்கிறோம்.

கவிதா: வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க மாமா, தானா வரும்.

பாண்டி மாமா: உப்புத்தண்ணி ஆவி புடிக்க வச்சாங்க. கொஞ்சம் வந்துச்சு. நாளைக்குக் காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னால எடுக்க இன்னொரு டப்பா.

வியாழன், 18 செப்டம்பர்

அப்பா (மதியம் 12:20): ரெண்டு டப்பாவுலயும் ஒண்ணும் இல்ல. எக்ஸ்ரேயும் சுத்தம். ராமிப்ரில நிறுத்திட்டு டெல்மிசார்டன்னு வேற பிரஷர் மாத்திரை எழுதியிருக்காங்க.

செந்தில்: அப்பாடா.

ராணி அத்தை: மாரியாத்தா காப்பாத்திட்டா. அண்ணே, நான் அன்னைக்கு அப்படிச் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க.

அப்பா: அட விடு.

கவிதா: இருமல் எப்ப நிக்குமாம்?

அப்பா: மாத்திரைதான் காரணம்னா ஒரு மாசத்துக்குள்ள அடங்குமாம். சில பேருக்கு மூணு மாசம்கூட ஆகுமாம்.

தேன்மொழி: திரும்ப எப்ப வரச் சொன்னாங்க? தேதியாக் கேட்டீங்களா?

அம்மா: நான் கேட்டேன். அக்டோபர் 16. நின்னாலும் வரணும், நிக்கலேன்னாலும் வரணும். நடுவுல காய்ச்சல், ரத்தம், மூச்சு வாங்குறது, எடை குறையிறதுன்னு எது வந்தாலும் அன்னைக்கே. காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன். "குறையலேன்னா"ங்கிற பேச்சே இனிமே இந்த வீட்டுல கெடையாது.

அப்பா: அன்னைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு.

அம்மா: என்ன வேலை?

அப்பா: யோசிச்சுச் சொல்றேன்.