பொன்னியின் செல்வன் முடிஞ்சிருச்சு, அப்பா "அப்புறம்?"னு கேக்குறார். அடுத்து என்ன படிச்சுக் காட்ட?

அயனாவரம் செல்வி:

அப்பாவுக்கு 83 வயசு. ஐ.சி.எஃப்-ல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ரெண்டு வருஷமா விழித்திரையில கோளாறு. சுத்தி இருக்கிறது எல்லாம் தெரியும், நேரா பாக்குற இடம் மட்டும் கருப்பா மறைக்கும். "பக்கத்தோட ஓரம் தெரியுது, படிக்க வேண்டிய வரி மட்டும் ஓடி ஒளிஞ்சுக்குது"ம்பார். அதனால ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, மாடி வீட்டு சீரியல் சத்தம் அடங்குனதும் நான்தான் படிச்சுக் காட்டுறேன்.

இந்தத் தடவை பொன்னியின் செல்வன். 293 அத்தியாயம், எட்டு மாசம். முதல் பாகத்துக்கு எங்க பாட்டி கல்கி பத்திரிகையில வந்தப்பவே வாராவாரம் கிழிச்சு பைண்டு போட்டு வெச்ச புத்தகம் இருக்கு. பைண்டர் ஓரத்தை வெட்டுனப்போ பாதிப் படத்துல அதை வரைஞ்ச மணியம் கையெழுத்தும் சேர்ந்து போயிடுச்சு. ஒரு பக்கத்துல குதிரையோட முன்னங்கால் இருக்கு, குதிரை இல்ல. மத்த நாலு பாகமும் புதுப் பதிப்பு.

போன மாசம் கடைசி அத்தியாயம். மணிமேகலை வந்தியத்தேவன் மடியில உயிரை விடுறா. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். அப்பா ஒரு நிமிஷம் விட்டுட்டு, "அப்புறம்?"னார். இத்தனைக்கும் இதை மூணு தடவை படிச்ச மனுஷன்.

சரின்னு தேடிப் பார்த்தா தொடர்ச்சி நாவல்கள் நிறையவே வந்திருக்கு. சமீபத்துல வந்த ஒண்ணை (பேர் வேணாம், எழுதினவங்க இங்கேயே கூட இருக்கலாம்) வாங்கிப் படிக்க ஆரம்பிச்சேன். மூணாவது அத்தியாயத்துல வந்தியத்தேவன் குந்தவைகிட்ட, "இளவரசி, தற்போதைய நிலைமையை ஆய்வு செய்த பிறகே முடிவெடுக்க இயலும்"ங்கிற மாதிரி ஒரு வசனம் பேசுறான். அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இவன் யாரு? செக்ரட்டேரியட்ல ஃபைல் தள்ளுறவனா?"

எனக்கும் அதே எரிச்சல்தான். கதை எங்க வேணா போகட்டும். நந்தினியைத் திரும்பக் கூட்டிட்டு வரட்டும், பூங்குழலியைக் கப்பல்ல ஏத்தி அனுப்பட்டும். ஆனா அந்த ஆள் வாயைத் திறந்தா முதல்ல வம்பு வரணும், அப்புறம்தான் புத்தி வரணும். எட்டு மாசம் தினம் ராத்திரி என் வாயாலயே அவன் பேசியிருக்கான். வேற ஆள் அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா நாக்குக்கே தெரிஞ்சிடுது.

தொடர்ச்சி படிச்சவங்க சொல்லுங்க. அப்பாவுக்குத் தாங்குற மாதிரி ஏதாவது இருக்கா? எழுத்து பொடிசா இருந்தாலும் பரவால்ல, படிக்கப் போறது நான்தான்.

லஸ் முனை:

அம்மா, உங்கள் அப்பா கேட்ட கேள்வியை 1954-லேயே கல்கியிடம் கேட்டுவிட்டார்கள். 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர், மூன்றரை வருஷம் ஓடி 1954 மே மாதம் முடிந்தது. திடீரென்று நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால்தான் அந்த முடிவுரையே. யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் என்ன ஆனார்கள் என்று அவரே கேள்வி போட்டுப் பதிலும் சொல்லியிருப்பார். முடிவுரையைப் படித்துக் காட்டினீர்களா? பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அந்த டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். ஆக, அவர் கையால் தொடர்ச்சி என்பதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

தொடர்ச்சிகளில் மூத்தது விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி'. நந்திபுரம் என்றால் பழையாறைதான். கல்கி விட்ட இடத்திலிருந்து, உத்தம சோழர் காலத்தில் கதையை எடுத்துக்கொள்வார். எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் முறை வந்தபோது பாகம் ஒன்று இல்லை, இரண்டுதான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன்! முதல் நூறு பக்கம் ஆசிரியரோடு மனதுக்குள் சண்டை. பிறகு சண்டை போட்டுக்கொண்டே படித்து முடித்தேன். கல்கி இல்லைதான். ஆனால் மனிதருக்கு அந்தப் பாத்திரங்கள் மேல் இருந்த பக்தி பொய்யில்லை.

கிண்டில் கார்த்தி:

நான் 2022-ல படம் பார்த்துட்டு நாவலுக்கு வந்தவன். ஓபனா சொல்றேன், இந்த 'வந்தியத்தேவன் இப்படிப் பேச மாட்டான்' எனக்குப் புரியல. கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சு. ஜனவரியில நந்தனம் புக் ஃபேர்ல சும்மா ஒரு ரவுண்டு வாங்க, ரெண்டு ஸ்டாலுக்கு ஒரு ஸ்டால் பொன்னியின் செல்வன் அடுக்கி வெச்சிருப்பாங்க. எல்லாருக்கும் சொந்தமான கதையை எல்லாரும் எழுதட்டுமே? பிடிக்கலன்னா மூடி வைங்க. அமெரிக்காவுல 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலுக்குத் தொடர்ச்சின்னு 'கோ செட் எ வாட்ச்மேன்' வந்தப்போ, முதல் நாவல்ல நல்லவரா வந்த வக்கீல் அட்டிகஸை இனவெறியனா காட்டிட்டாங்கன்னு ஜனங்க கோவப்பட்டு, ஒரு கடைக்காரர் பணத்தையே திருப்பிக் கொடுத்தாராம். தொடர்ச்சி எழுதினா இந்தப் பாடுதான்.

பழுப்புத்தாள்:

கார்த்தி, ஒரு சின்னத் திருத்தம். வாட்ச்மேன் 2015-ல் வெளிவந்தாலும் ஹார்ப்பர் லீ அதை எழுதியது ஐம்பதுகளின் நடுவில், 'மாக்கிங்பேர்ட்' 1960-ல் வருவதற்கு முன்னால். கதை நடக்கும் காலம் பிந்தியது, எழுத்து முந்தியது. முதல் வரைவை அட்டை போட்டுத் தொடர்ச்சி மாதிரி விற்றதில்தான் கடைக்காரருக்குக் கோபம்.

சரியான உதாரணம் 'ஸ்கார்லெட்'. மார்கரெட் மிட்செல் தன் 'கான் வித் த விண்ட்' நாவலுக்குத் தொடர்ச்சி எழுத மாட்டேன் என்று கடைசிவரை மறுத்து, 1949-ல் போய்விட்டார். வாரிசுகள் அனுமதி கொடுக்க, 1991-ல் அலெக்ஸாண்ட்ரா ரிப்ளி எழுதினார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். லட்சக்கணக்கில் விற்றது. இரண்டுமே நடக்கும். செல்வியின் அப்பா மாதிரி "அப்புறம்?" கேட்பவர்கள்தான் வாங்குகிறார்கள், அவர்களேதான் திட்டவும் செய்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஸ்பானிஷ் எழுத்தாளர் செர்வாண்டிஸ் செய்த வேலை. அவருடைய 'டான் கிஹோத்தே' நாவலின் முதல் பாகம் 1605. 1614-ல் அவெல்லனேடா என்ற புனைபெயரில் யாரோ இரண்டாம் பாகம் என்று ஒன்றைப் போட்டுவிட்டான். அடுத்த வருஷமே செர்வாண்டிஸ் தன்னுடைய இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். அதில் கிஹோத்தேவுக்கே அந்தப் போலிப் புத்தகம் பற்றித் தெரிந்துவிடும். போலியில் அவன் சரகோசாவுக்குப் போவான். இவர் எழுதிய கிஹோத்தே, அந்தப் புத்தகத்தைப் பொய்யாக்க வேண்டும் என்றே சரகோசா பக்கம் போகாமல் பார்சிலோனாவுக்குத் திரும்பிவிடுவான். கல்கி இருந்திருந்தால் ஆழ்வார்க்கடியானை விட்டு ஒருத்தர் மண்டையிலாவது தடியால் போட்டிருப்பார்.

செல்வி, உங்களுக்காக இன்னொன்று. கல்கி கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது 'அமரதாரா'. பாதியில் நின்றது. அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். அப்பாவுக்கு மகள் படித்துக் காட்ட அது பொருத்தம். சோழர் கதை இல்லை என்பதுதான் சிக்கல்.

தண்டையார்பேட்டை மணி:

பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம். அது தொடர்ச்சி இல்ல, பெரிய கோயில் கட்டுற கதை. ஆனா பொன்னியின் செல்வனை முடிச்ச கையோட அதை எடுக்கிறவங்க ஏராளம். எங்க ஆபீஸ்லயே ஒரு கோஷ்டி "ராஜராஜன்னா உடையார்தான்"னு சண்டைக்கு வரும். அப்பாவுக்குப் பொறுமை இருந்தா பாருங்க, தத்துவம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

அகிலனோட 'வேங்கையின் மைந்தன்' ட்ரை பண்ணிங்களா? ராஜேந்திர சோழன் கதை. அதுவும் கல்கி பத்திரிகையில வந்ததுதான், சாகித்ய அகாடமி பரிசும் வாங்கிச்சு. வந்தியத்தேவன் அதுல வருவார். ஆனா கிழவரா.

அயனாவரம் செல்வி:

எல்லாருக்கும் நன்றி. லஸ் முனை சார், முடிவுரையை நான் படிச்சுக் காட்டவே இல்ல, 'முடிஞ்சது'ன்னு மூடி வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரியே படிச்சேன். அப்பா ஒவ்வொரு பதிலுக்கும் "ம்"னு தலையாட்டிட்டு, "பரவால்ல, அவரும் நம்மளை மாதிரி ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கார்"னு சிரிச்சார்.

கார்த்தி, தம்பி, எழுதக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. யார் வேணா எழுதட்டும். வாசகனுக்குக் காது இருக்கு, அவ்வளவுதான் சொல்றேன்.

'நந்திபுரத்து நாயகி' கிடைச்சுது, வரிசையில வெச்சிருக்கேன். மணி அண்ணன் சொன்ன 'வேங்கையின் மைந்தனை' முதல்ல எடுத்தேன், நூலகத்துலேர்ந்து. நடுவுல ரெண்டு தாள் காணோம், யாரோ பிளேடு போட்டு நறுவிசா எடுத்திருக்காங்க. அகிலன் கல்கி மாதிரி எழுத முயற்சியே பண்ணல. வேற நடை, கதையும் ஒரு தலைமுறை தள்ளி ஆரம்பிக்குது. கொடும்பாளூர் இளங்கோ, ஈழத்து ரோகிணின்னு ஆளுங்களே புதுசு. நான் பயந்துக்கிட்டேதான் படிச்சேன். வல்லவரையர் வந்தியத்தேவர் வந்தார். நான் அப்பா முகத்தைப் பார்க்குறேன், எப்போ கையைக் காட்டுவாரோன்னு. நரைச்ச மனுஷன், நிதானமா பேசுறார், சின்னப் பசங்களுக்குப் புத்தி சொல்றார். பழைய துடுக்கு அவ்வளவா இல்ல.

கை மேல வரல. ஒரு பக்கம், ரெண்டு பக்கம் போச்சு. நானே தாங்க முடியாம நிறுத்தி, "ஏம்ப்பா, இது மட்டும் உனக்கு வந்தியத்தேவன் மாதிரி இருக்கா?"ன்னு கேட்டேன்.

"வயசாச்சுல்ல, இப்படித்தான் பேசுவான்"னார். "நானும் பதினெட்டு வயசுல வேலைக்குச் சேந்தப்போ எப்படிப் பேசுவேன் தெரியுமா? ஃபோர்மேனையே அழ வெச்சிருக்கேன். நீ படி."

ஒன்பது அத்தியாயம் ஆச்சு. அந்தக் காணாம போன ரெண்டு தாள்ல என்ன இருக்குன்னு யாராவது போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? நானா ஒப்பேத்திச் சொன்னேன், கண்டுபிடிச்சுட்டார்.