கைக்குப் புது வேலை தராத அடுத்த பாகத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கலாமா?

கெடிலக்கரை – கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். மூன்று டிவி, பிளேஸ்டேஷன் மெஷினில் இரண்டு பிஎஸ்4, ஒரு பிஎஸ்5. மணிக்கு 60 ரூபாய். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வர ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை ஓடும். ஒரு புது டிஸ்க் கிட்டத்தட்ட 5,000 ரூபாய் ஆகிறது. அந்தக் காசு திரும்பி வர அந்த டிஸ்க் மட்டும் 84 மணி நேரம் ஓட வேண்டும். வாடகையும் கரண்ட் பில்லும் அப்புறம். அதனால் ராத்திரி ஷட்டரை இறக்கும்போதெல்லாம் எனக்கு இதே யோசனைதான். ஒரு கேமுக்கு அடுத்த பாகம் வந்தால் படம் இன்னும் பளிச்சென்று இருப்பது போதுமா, ஆட்டத்திலேயே புதிதாக ஏதாவது இருக்க வேண்டுமா?

கடையில் ஒரு நோட்டு உண்டு. யார் வந்தார்கள், எந்த டிவி, எந்த கேம், எவ்வளவு நேரம் என்று எழுதி வைப்பேன். போன வருடம் ஒரு கால்பந்து கேமின் புதுப் பதிப்பு வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் வாரம் 31 மணி நேரம் ஓடியது. அடுத்த வாரம் 14. மூன்றாவது வாரம் 5. நாலாவது வாரத்திலிருந்து, "அண்ணே, பழசையே போடுங்க." பழசு என்றால் மூன்று வருடத்துக்கு முந்திய டிஸ்க், உறை கிழிந்து செலோ டேப் ஒட்டியது.

ஏன்டா என்று எட்டாவது படிக்கிற ஒரு பையனைக் கேட்டேன். அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "புல்லெல்லாம் சூப்பரா இருக்குண்ணே. மூஞ்சில வேர்வைகூடத் தெரியுது. ஆனா நான் கார்னர் அடிச்சா அதே ஆளு அதே இடத்துல வந்து அதே மாதிரிதான் முட்டுறான். அதுக்குப் பழசுலயே ஆடலாம்ல."

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த் தட்டில் இருந்த பிஎஸ்5 போய்விட்டது. பரண் மேல் வைத்திருந்த பிஎஸ்4 இரண்டும் தப்பின. பத்து நாள் கழித்து, சுவரில் ஈரம் காயாமலேயே கடையைத் திறந்தேன். நாலு மாதம் அந்த இரண்டு பழைய மெஷினை வைத்துத்தான் ஓட்டினேன். படம் மங்கலாக இருக்கிறது என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. எதிரில் ஆட ஆள் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

என் சொந்த அனுபவமும் அதையே சொல்கிறது. லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 15 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஆடி வளர்ந்தவன் நான். நாம் ஒரு ரவுடியாக ஊரைச் சுற்றுகிற கேம், 2002இல் வந்தது. அதில் எல்லாம் செய்யலாம், தண்ணீரில் மட்டும் விழக் கூடாது. விழுந்தால் உயிர் போய்விடும். நானோ தேவனாம்பட்டினத்துப் பையன், ஐந்து வயதில் கடலில் இறங்கியவன். இவ்வளவு பெரிய ரவுடிக்கு நீச்சல் தெரியாதா என்று எனக்கு அப்போதே ஆறவில்லை. அப்புறம் அதே சென்டரில் அந்த வரிசையின் அடுத்த கேம் சான் ஆண்ட்ரியாஸ் ஏற்றினார்கள். 2004இல் வந்தது. போலீஸ் துரத்த, பைக்கோடு கடலுக்குள் போய் விழுந்தேன். சரி, செத்தோம் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் அவன் தலை மேலே வந்தது. கையை அசைத்து மிதந்துகொண்டிருந்தான். பக்கத்து சிஸ்டத்துப் பையன்கள் எல்லாம் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அன்று முழுக்க எந்த மிஷனும் செய்யவில்லை. நீந்திக்கொண்டே இருந்தேன்.

படத்தில் அந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் கைக்குக் கிடைத்த புது வேலையில்தான். என் கட்சி இது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பரீட்சை லீவுக்கு ஒரு டிஸ்க் வாங்கக் காசு ஒதுக்கியிருக்கிறேன். அதே கால்பந்தின் அடுத்த பதிப்பா, இரண்டு பேர் மோதுகிற சண்டை கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ஆ என்று குழப்பம்.

பாறைக்காரன் – புதுச்சேரி

அண்ணே, நான் முத்தியால்பேட்டை. கேம்களுக்கு 3டி மாடல் செய்கிற வேலை. பெரும்பாலும் பாறை, சுவர், உடைந்த தூண். ஒருமுறை பாசி படிந்த ஒரு பாறைச் சுவருக்குப் பதினொரு நாள் உழைத்தேன். பாசி எந்தப் பக்கம் தடிக்கும், தண்ணீர் வடிந்த கறை எப்படி இறங்கும் என்று பார்க்க பீச் ரோட்டுக் கருங்கல் மேல் காலையில் போய் உட்கார்ந்து போட்டோ எடுத்தேன். கேம் வந்த பிறகு ஒருவர் ஆடுகிற வீடியோ பார்த்தேன். அந்தச் சுவரை ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவர் மேல் தப்பில்லை, அந்தச் சுவரில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதனால் உங்கள் பக்கம்தான் நானும். ஒரே ஒரு திருத்தம். கிராபிக்ஸ் வேறு, ஆட்டம் வேறு என்று கோடு கிழித்துவிட முடியாது. துப்பாக்கிச் சண்டை கேம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 பாருங்கள், 2023 செப்டம்பரில் வந்தது. டஸ்ட் 2 என்கிற பழைய சண்டைக்களம் அதேதான், துப்பாக்கியும் அதேதான். ஆனால் ஸ்மோக் குண்டு மாறிவிட்டது. முன்பெல்லாம் புகை என்பது ஒரு படம். போட்டால் போட்டபடி நிற்கும். இப்போது அது இடத்தை நிரப்புகிற புகை. சந்தில் போட்டால் சந்து வழியே பரவும். அதற்குள் சுட்டால் தோட்டா போன வழியில் கணநேரம் துளை விழும். கையெறி குண்டு போட்டால் கலைந்துபோய் மறுபடி சேரும். புகைக்குப் பின்னால் நிம்மதியாக நின்றவன் இனி நிற்க முடியாது. இது கிராபிக்ஸ்காரர்கள் வேலையா, ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் வேலையா? இரண்டும்தான்.

மறுபக்கமும் உண்டு. 1994இல் வந்த, அரக்கர்களைச் சுடுகிற டூம் 2வில் படம் முதல் பாகத்தில் இருந்த அதே படம், கேமை ஓட்டுகிற மென்பொருளும் அதே. இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று சேர்த்தார்கள். செத்த அரக்கனை எழுப்பிவிடுகிற அரக்கன் ஒன்று சேர்த்தார்கள். அவ்வளவுதான், முதலில் யாரைச் சுடுவது என்ற கணக்கே மாறிப்போனது. செல்டா என்கிற சாகச கேம் வரிசையில் மஜோராஸ் மாஸ்க் 2000இல் வந்தது. முந்தின பாகத்தின் ஆட்களையே எடுத்துப் போட்டு, மூன்று நாளில் நிலா ஊர் மேல் விழும் என்று ஒரு கெடு வைத்தார்கள். பழைய பொம்மைகளை வைத்தே கொலு அடுக்கை மாற்றிய மாதிரி. எங்கள் துறையில் பழைய மாடலைத் திரும்பப் பயன்படுத்தினால் சோம்பேறித்தனம் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

நெய்வேலி 07

அண்ணே, உங்கள் கணக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. நான் இன்னும் கிரிக்கெட் 07தான் ஆடுகிறேன். 2006 கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு அதைச் செய்த ஈஏ கம்பெனி கிரிக்கெட் கேமே போடவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ரசிகர்களே பேட்ச், அதாவது கேமோடு சேர்த்துக்கொள்கிற மாற்றங்கள், போடுகிறார்கள். புது ஜெர்சி, புது முகம், புது ஸ்டேடியம். யோசித்துப் பாருங்கள், ஐபிஎல் தொடங்கியதே 2008இல். கேம் வந்தபோது பிறக்காத ஒரு போட்டித் தொடரை அதற்குள் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம். சேப்பாக்கத்தில் மஞ்சள் ஜெர்சியோடு இறங்கும்போது வருகிற சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

பந்து வீசுவது, அடிப்பது எதுவும் மாறவில்லை. மாறியதெல்லாம் தோற்றம் மட்டும். அப்படியென்றால் படம் மாறினால் போதும் என்றுதானே ஆகிறது? அஞ்சு வருடமாக என் தம்பியும் நானும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச் ஆடாமல் சாப்பிட்டதில்லை.

கெடிலக்கரை – கடலூர்

நெய்வேலித் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். நியாயமான கேள்வி. பதில் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தம்பியோடு ஆடுகிறீர்கள். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த ஆளே புதுசு. நேற்று ஷார்ட் பால் போட்டவன் இன்று யார்க்கர் போடுவான். கேம் மாற வேண்டிய அவசியமில்லை. என் கடைப் பையன்கள் பழைய கால்பந்து டிஸ்க்கை விடாததும் அதனால்தான். அவர்களுக்குப் போட்டி டிவிக்குள் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது.

தனியாக ஆடுகிற கதை கேம் அப்படியில்லை. அங்கே எதிரே யாரும் கிடையாது. கேம்தான் நமக்குப் புதிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐந்தாவது மணி நேரத்தில் கை தானாக அழுத்துகிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் பேட்ச் எல்லாம் ரசிகர்கள் ஆசைக்குச் செய்து இலவசமாகக் கொடுப்பது. அதே ஜெர்சி மாற்றத்துக்கு முழு விலை கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

லாஸ்பேட்டை அக்கா

நான் பிள்ளைகள் தூங்கின பிறகு ஆடுகிறவள். நாத்தனார் பிரான்சிலிருந்து வந்தபோது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் மெஷின் ஒன்று கொண்டு வந்து பிள்ளைகளுக்கென்று கொடுத்தார். பகலில் அவர்களுடையது, பத்து மணிக்கு மேல் என்னுடையது.

செல்டாவில் பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017, டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023. இரண்டும் அதே ஸ்விட்சில்தான் ஆடினேன். படம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரும் அதே ஊர், மலையும் அதே மலை. டியர்ஸ் வந்த மூன்றே நாளில் உலகம் முழுக்க ஒரு கோடி பிரதி விற்றது. புதுப் படம் காட்டியா விற்றது?

எனக்கு அது அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது. கொல்லையில் முருங்கை அதே இடத்தில் நிற்கிறது, ஆனால் மேலே மாடி எடுத்திருக்கிறார்கள், கீழே தூர்ந்துபோன கிணற்றைத் தோண்டி விட்டிருக்கிறார்கள். அந்த கேமில் வானத்தில் தீவுகள் வந்தன, பூமிக்குக் கீழே ஒரு இருட்டு உலகம் வந்தது. அதைவிட முக்கியம், கையால் எதையும் தூக்கி எதோடும் ஒட்ட முடியும் என்று ஆக்கினார்கள். ஓர் ஆற்றங்கரையில் மூன்று மரத்தை வெட்டினேன். கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். பின்னால் ஒரு விசிறியை வைத்தேன். முதல் தடவை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டேன், கட்டுமரம் கரையிலேயே முட்டிக்கொண்டு நின்றது. கழற்றித் திருப்பி ஒட்டியதும் அக்கரை போய்ச் சேர்ந்தது. மணி ஒன்றரை. எழுந்து போய் என் பெரிய பெண்ணை எழுப்பிக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

அதற்காக எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினாலும் எனக்குப் பிடிக்காது. அதே செல்டாவின் இரண்டாவது பாகம் 1987இல் வந்தபோது, மேலிருந்து பார்த்து ஆடின முதல் பாகத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடிச் சண்டை போடுகிற கேமாக ஆக்கினார்கள். ஆடிப் பார்த்தேன், என்னால் ஒன்ற முடியவில்லை. தெரிந்த வீடாக இருக்க வேண்டும், ஒரு அறையாவது புதிதாக இருக்க வேண்டும்.

தம்பி, கடைக்கு என்றால் நீங்கள் ஸ்ட்ரீட் ஃபைட்டரே வாங்குங்கள். அதில் மாடர்ன் என்று ஒரு கன்ட்ரோல் முறை இருக்கிறது, என் சின்னவள் அதில்தான் ஆடுகிறாள்.

கெடிலக்கரை – கடலூர்

அக்கா, வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது. தகவல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

நீங்கள் சொன்ன மாடர்ன்தான் கடையில் பேச்சு. முன்பெல்லாம் ஹடோகன் என்கிற நெருப்புப் பந்து போட வேண்டுமென்றால் கீழே, குறுக்கே, முன்னே என்று விரலை உருட்டி ஒரு குத்து பட்டனைத் தட்ட வேண்டும். 1987இல் முதல் பாகம் வந்ததிலிருந்து அந்த உருட்டல்தான். அது வராத பையன்கள் கடைக்கு வந்தால் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது முக்கோண பட்டனை ஒரு தட்டு, நெருப்பு போகிறது. சும்மா கொடுக்கவும் இல்லை, அப்படிப் போட்டால் அடி 20 சதவீதம் குறையும். அதனால் உருட்டத் தெரிந்த பழைய ஆட்களுக்கும் மரியாதை போகவில்லை.

போன சனிக்கிழமை பத்தாவது படிக்கிற ஒருவன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அஞ்சாவது படிக்கிறாள். இதுவரை அவன் ஆடி முடிக்கும் வரை சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். அன்று அவளுக்கு ஒரு கன்ட்ரோலர் கொடுத்து, முக்கோணத்தைக் காட்டிக் கொடுத்தேன். மூன்று ஆட்டம் தோற்றாள். நாலாவதில் அண்ணன் எகிறிக் குதிக்கும் நேரம் பார்த்து முன்பக்க அம்புக்குறியோடு முக்கோணத்தை அழுத்தினாள். அவன் ஆள் அந்தரத்திலேயே அடிபட்டு விழுந்தான். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை, திரும்பி அவள் கையைப் பார்த்தான்.

நோட்டில் இன்றுவரை 47 மணி நேரம். அதில் ஆறு அவளுடையது. கால்பந்துக்காரர்கள் பழைய டிஸ்க்கிலேயே சந்தோஷமாக இருக்கிறார்கள், உறைக்கு இன்னொரு செலோ டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். பாறைக்காரத் தம்பி, அடுத்த முறை கடலூர் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். உங்கள் சுவர் இருக்கிற கேமைச் சொல்லுங்கள், போட்டு வைக்கிறேன். பையன்களை ஓட விடாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி அதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.