நான் எழுதாத ஃபங்ஷனை லிங்க்கர் கேட்கிறது (ஓப்பன்எஸ்எஸ்எல், உபுண்டு 22.04)

அம்பத்தூர்_சி:
வணக்கம். எஸ்டேட்டில் ஒரு எடைமேடைக்கான சி புரோகிராம் என் தலையில் விழுந்திருக்கிறது. லாரி எடையை டிஎல்எஸ் (என்க்ரிப்ட் செய்த இணைப்பு) வழியாக சர்வருக்கு அனுப்பும்; அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. உபுண்டு 20.04இல் ஒழுங்காக பில்ட் ஆனது. புது மெஷினில் 22.04 போட்டு, பழைய ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்தோம். கம்பைல் ஆகிறது, லிங்க் செய்யும்போது (கம்பைல் ஆன ஃபைல்களை லைப்ரரியோடு சேர்க்கும்போது) 'எஸ்எஸ்எல்_கெட்1_பியர்_சர்டிஃபிகேட்' அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ், அதாவது அந்த ஃபங்ஷன் எங்கும் கிடைக்கவில்லை என்கிறது. கிரெப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பெயர் எங்கள் கோடிலேயே இல்லை! நாங்கள் கூப்பிடுவதில் '1' கிடையாது. லிப்எஸ்எஸ்எல்-டெவ் (ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்து பில்ட் செய்யத் தேவையான பேக்கேஜ்) போட்டாயிற்று.

மடிப்பாக்கம்_மச்சி:
ஆர்டரைப் பாருங்க பாஸ். ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்குப் பிறகுதான் லைப்ரரி வரணும். அதிலும் எல்எஸ்எஸ்எல் முன்னாடி, எல்கிரிப்டோ பின்னாடி.

அம்பத்தூர்_சி:
அப்படித்தான் இருக்கிறது ப்ரோ.

பழைய_கர்னல்:
தம்பி, ஆர்டர் தப்பாக இருந்தால் எஸ்எஸ்எல்_நியூ உட்பட எல்லாமே அடிவாங்கும். ஒன்றிரண்டு மட்டும் மாட்டுகிறது என்றால் ஹெடர் (ஃபங்ஷன் பெயர்களை கம்பைலருக்குச் சொல்லும் ஃபைல்) ஒரு வெர்ஷன், லைப்ரரி வேறு வெர்ஷன். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0இல் அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் மாறியது. பழைய பெயரை ஹெடரில் மேக்ரோவாக விட்டிருக்கிறார்கள், அதனால் நீங்கள் பழையதை எழுதினாலும் கம்பைலர் புதியதாக மாற்றிவிடும். 1.1.1 லைப்ரரிக்கு அந்தப் புதுப் பெயர் தெரியாது. மேக்ஃபைலில் மைனஸ் எல் (பெரிய எல்) போட்டு ஏதாவது லைப்ரரி பாதை இருக்கிறதா? 'ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன்' கமாண்டை நம்ப வேண்டாம், அது தன் வெர்ஷனைத்தான் சொல்லும். லிங்க்கருக்கு ட்ரேஸ் ஆப்ஷன் கொடுங்கள், எந்த ஃபைலை எடுக்கிறது என்று காட்டும்.

அம்பத்தூர்_சி:
இருக்கிறது அண்ணா! ஆப்ட் ஃபோல்டருக்குள் யாரோ எப்போதோ பில்ட் செய்த 1.1.1. ட்ரேஸிலும் அதுதான் வருகிறது. அப்படியென்றால் 20.04இல் எப்படி ஓடியது?

பழைய_கர்னல்:
அங்கே சிஸ்டம் ஹெடரும் 1.1.1தானே, அதனால் வெளியே தெரியவில்லை. 22.04இல் ஹெடர் 3.0 ஆகிவிட்டது. அந்தப் பாதையைத் தூக்கிவிட்டு, பேக்கேஜ்-கான்ஃபிக் (லைப்ரரிக்கு ஏற்ற பில்ட் ஆப்ஷன்களைச் சொல்லும் டூல்) கொடுக்கும் ஃப்ளாக்குகளை மட்டும் போடுங்கள். மேக் கிளீன் செய்து முழுசாக பில்ட் பண்ணுங்கள். பிறகு எல்டிடி (புரோகிராம் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டால் லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 3 என்று வரணும்.

மடிப்பாக்கம்_மச்சி:
அந்த 1.1.1 ஹெடரையே மைனஸ் ஐ (ஹெடர் பாதைக்கான ஆப்ஷன்) போட்டுக் காட்டிவிட்டால் வேலை முடிஞ்சதே?

பழைய_கர்னல்:
லிங்க் ஆகும். அப்புறம் ஓடும்போது எஸ்ஓ ஃபைல் கிடைக்கவில்லை என்று நிற்கும், அதற்கு ஆர்பாத் (ஓடும்போது லைப்ரரியைத் தேட வேண்டிய பாதை) வைக்கணும். தவிர 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. நெட்வொர்க்கில் நிற்கும் புரோகிராமுக்கு அது வேண்டாம்.

அம்பத்தூர்_சி:
லிங்க் ஆகிவிட்டது, எல்டிடியில் 3 வருகிறது. நன்றி அண்ணா. ஆனால் நாங்கள் கூப்பிடும் ஹாஷ் ஃபங்ஷன் எஸ்ஹெச்ஏ256_இனிட் 'டெப்ரிகேட்டட்' (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று ஒரு திரை முழுக்க வார்னிங்.

பழைய_கர்னல்:
3.0இல் அது இன்னும் வேலை செய்யும். வார்னிங்கை எரராக்கும் ஃப்ளாக் இருந்தால்தான் பில்ட் நிற்கும். நேரம் கிடைக்கும்போது அதற்குப் பதிலான ஈவிபி_டைஜெஸ்ட்இனிட்_எக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்று எடைமேடை ஓடட்டும்.