புதுப்பிப்பு: நடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா பேச்சை நிறுத்தியது

ஐடி வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றதும் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வேலையை இன்னும் விடவில்லை, திட்டுங்கள், பரவாயில்லை. நடிகர் விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் கணக்காளராகச் சேர்ந்தவர் என்று உங்களில் சிலர் சொன்னதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். "அவருக்குக் கணக்காவது தெரியும்" என்றார், 3 வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம். சரி, இப்போது சனி, ஞாயிறு மட்டும் ஒரு நாடகக் குழுவில் பயிற்சி. வசனமே கிடையாது, மூச்சுப் பயிற்சி, சிலம்பம், அப்புறம் தரை பெருக்குவது. ஆடிஷனுக்கு முன்பணம் கேட்ட ஆளைப் பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி, 5,000 ரூபாய் தப்பியது. நேற்று வீட்டுக்கு வர இரவு 11 மணி. அம்மா தூங்கிவிட்டார். மேசையில் ஆறிப்போன தோசை மூடி வைத்திருந்தது. வைத்தது அப்பாதான், சட்னிக்குப் பதில் இட்லிப்பொடி, மேசையெல்லாம் நல்லெண்ணெய்.