அஸ்வெசும குடும்ப இலக்கத்தைத் தேடி அலைந்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நோர்வூட்டிலிருந்து:

“உங்கள் இலக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா” என்று பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் கேட்டதும், என் அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் செக்ரோல் நம்பரை, அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டு எண்ணைச் சொன்னார். முப்பத்தொரு வருடம், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் அந்த நம்பரில்தான் அவருக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழுந்தது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்ததும் அதே நம்பரில்தான். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் இலக்கம் என்றால் அவருக்கு அதுதான். உத்தியோகத்தர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அடுத்ததாக அம்மா ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தைச் சொன்னார், பிறகு நாங்கள் இருக்கும் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், இலக்கத்தைச் சொன்னார். கேட்கப்பட்டதோ அஸ்வெசும என்ற அரசு நிவாரணத்தில் எங்கள் வீட்டுக்குக் கொடுத்த குடும்ப இலக்கம். அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

2023 ஜூலையில் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்தபோது எங்கள் வீடு ‘வறிய’ பிரிவில் சேர்க்கப்பட்டது. மாதம் 8,500 ரூபாய் வந்தது, 2025 தொடக்கத்திலிருந்து அது 10,000. எங்கள் வீட்டில் அந்தக் காசு அரிசியும் கோதுமை மாவும் பருப்புமாகத்தான் வந்து சேரும். பெயர்ப் பட்டியலில் இருந்தபோது, காசு வங்கிக்கு வந்துகொண்டிருந்தபோது யாரும் இலக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பா காலமான பிறகு வீட்டுத் தகவலை மாற்றப் போனோம். முதல் கேள்வியே இலக்கம்தான்.

திரும்பி வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தோம். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கும். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் மரணச் சான்றிதழ், அதற்கெல்லாம் அடியில் நான்காக மடித்த ஒரு துண்டு. 2022இல் விண்ணப்பம் கொடுத்தபோது கிழித்துத் தந்தது. கூரை ஒழுகி டின்னுக்குள் ஈரம் இறங்கியதில் தாள் தேயிலைச் சாயம் போல் பழுத்துப்போயிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் எண் தேய்ந்து, ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அம்மா விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க அந்த ஒரே எண்ணோடுதான் போராடினோம்.

கடைசியில் தெரிந்தது என்னவென்றால், அந்தத் துண்டில் இருந்தது விண்ணப்ப இலக்கம். குடும்ப இலக்கம் வேறு. அது எச்எச் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்குகிறது. மறுபடியும் பஸ் ஏறிப் போனோம். இம்முறை உத்தியோகத்தர் அம்மாவின் அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தார். வரவில்லை. “விண்ணப்பம் யார் பெயரில் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். அப்பாவின் பெயரில். அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டதும் எங்கள் வீடு முழுவதும் திரையில் வந்தது. முதலில் அப்பாவின் பெயர். தம்பியின் பெயரில் ஓர் எழுத்து பிழை. அம்மா திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். இறந்த மனிதர் அங்கே இன்னும் குடும்பத் தலைவராக இருந்தார்.

அந்த உத்தியோகத்தர் பொறுமையாகத் தமிழில் விளக்கிச் சொன்னார், நன்றியோடு எழுதுகிறேன். ஆனால் இரண்டு நாள் பஸ் காசையும் அம்மாவின் மூட்டு வலியையும் நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. விண்ணப்பம் யார் பெயரில் போனது என்பதை முதல் நாளே கேட்டிருந்தால் போதுமே. உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எழுதுங்கள், இன்னொரு அம்மா இப்படி அலைய வேண்டாம்.

லிந்துலையிலிருந்து:

தங்கச்சி, எங்கள் பெயருக்கு வந்த அஸ்வெசும கடிதத்தில் இலக்கம் தெளிவாக அச்சாகி இருந்தது. கடிதம்தான் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம். தபால் தோட்ட ஆபீசோடு நின்றுவிடும். என் மனைவியின் பெயரும் முதலெழுத்தும் அப்படியே உள்ள பெண்கள் இன்னும் இருவர் இருக்கிறார்கள். மேல் லயத்து அக்கா தன்னுடையது என்று நினைத்து வாங்கிப்போய், திறந்துகூடப் பார்க்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். ஐந்து மாதம் கழித்து, தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கிடைத்தது. அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? கதவுக்கு ஓர் இலக்கம் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களே, அதன் மேல்தான் என் கோபம்.

வங்கிப் புத்தகத்தில் தேடாதீர்கள். அதில் உள்ளது கணக்கு இலக்கம் மட்டும். நான் வங்கியில் அரை நாள் வரிசையில் நின்று தெரிந்துகொண்டது இது.

பசறையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என்னிடம் வாரத்துக்கு நான்கைந்து பேராவது இந்த இலக்கத்துக்காக வருகிறார்கள். அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தே தேடலாம். நோர்வூட் மகள் எழுதியது போல, குடும்பத் தலைவராகப் பதிந்தவரின் இலக்கத்தை முதலில் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால், நான் அடுத்துக் கேட்பது, “புது அட்டை எடுத்தீர்களா?” என்பதுதான்.

பழைய அட்டையில் ஒன்பது எண்களும் கடைசியில் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும் இருக்கும். 2016க்குப் பிறகு வரும் அட்டையில் பன்னிரண்டு எண்கள், எழுத்து கிடையாது. பலர் 2022இல் பழைய இலக்கத்தோடு விண்ணப்பித்துவிட்டு, இப்போது புதிய இலக்கத்தோடு தேடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று அவர்களுக்குத் தெரியும், கணினிக்குச் சில வேளை தெரிவதில்லை. பழைய அட்டை தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். புதிய இலக்கத்தின் முன்னால் உள்ள 19ஐ எடுத்துவிடுங்கள். அடுத்து வரும் ஐந்து எண்களை எழுதுங்கள். அதற்கடுத்த 0ஐ விட்டுவிட்டு, மீதி நான்கையும் சேர்த்து, கடைசியில் வீ (சிலருக்கு எக்ஸ்) போடுங்கள். பழைய இலக்கம் வந்துவிடும். முன்பு பழைய அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எழுபது வயது ஆயா ஒருவருக்கு இதைச் சொன்னபோது, தன் பிறந்த நாள் இத்தனை காலம் அந்த அட்டைக்குள்ளேயே இருந்ததா என்று கேட்டார். அவருக்குப் பிறந்த நாள் எது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. விரலைவிட்டு எண்ணி, மாசி மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

இணையம் இல்லாதவர்கள் 1924 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பார்க்கும் பிரிவுக்கோ கிராம உத்தியோகத்தரிடமோ போங்கள். அடையாள அட்டை இரண்டு வகையும் இருந்தால் இரண்டையும் கொண்டுபோங்கள்.

அப்புத்தளையிலிருந்து:

சேர், இலக்கம் எடுத்துத் தரக் காசு வாங்குபவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். அப்பா டவுனில் ஒரு போன் கடைக்குப் போயிருக்கிறார். இலக்கம் எடுத்துத் தருவதாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, தாளில் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது பக்கத்து வீட்டாருடையது. அந்த இலக்கத்தில் அப்பாவின் மேன்முறையீட்டைப் போட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்ய நான் இரண்டு நாள் லீவு எடுத்து ஊருக்கு வர வேண்டியதாயிற்று. செயலகத்தில் ஒரு சதமும் கேட்காமல் சரியான இலக்கத்தை எழுதித் தந்தார்கள். 500 ரூபாய்க்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் சமையல் நடக்கும். அப்பா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரை அப்படிக் கூனவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அந்தக் கடைக்காரரின் போனில் எங்கள் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேருடைய அட்டை இருக்கிறதோ!

நோர்வூட்டிலிருந்து, மறுபடியும்:

சேர், நீங்கள் சொன்னபடியே அம்மாவின் புதிய இலக்கத்தைப் பழையதாக மாற்றிப் போட்டுப் பார்த்தோம். வந்தது! அம்மா போன வருடம்தான் புது அட்டை எடுத்தார், எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவின் இலக்கம் இல்லாமலே எங்கள் வீடு கிடைத்திருக்கும்.

லிந்துலை அண்ணா, உங்கள் கதையை வாசித்துக் காட்டியதும் அம்மா எழுந்துபோய் எங்கள் முருகன் படத்தையும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

குடும்ப இலக்கத்தைப் பிஸ்கட் டின் மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் அப்பாவின் பழைய அட்டை இலக்கம், அம்மாவின் இரண்டு இலக்கங்கள். அம்மா காலையில் அடுப்பு மூட்டும்போது எச்எச் என்று தொடங்கி வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார்.

வரும் செவ்வாய்க்கிழமை தலைவர் பெயரை மாற்றவும் தம்பியின் எழுத்துப் பிழையைத் திருத்தவும் போகிறோம். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேட்பார்களா, போட்டோ பிரதி போதுமா? அண்மையில் பெயர் திருத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அம்மாவை இன்னொரு முறை வெறுங்கையோடு அழைத்து வர எனக்கு மனமில்லை.